மிஞ்சிய பிரெட்டில் காலை மஃபின்: நாலாவது தட்டில் சரியாக வந்தது

பிரெட் பாக்கெட்டின் முதல் துண்டையும் கடைசித் துண்டையும் எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை. கை உள்ளே போகும், மேலே இருக்கும் ஓரத்துண்டை ஒதுக்கிவிட்டு அடுத்ததை உருவும், பாக்கெட் தீரும்வரை அந்த ஓரத்துண்டு மூடி மாதிரி மேலேயே உட்கார்ந்திருக்கும். தூக்கிப் போட எனக்கு மனசு வராது. அதனால் மிஞ்சுவதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொண்டே வந்தேன். ஓரத்துண்டுகள், சாண்ட்விச்சுக்காக வெட்டி எறியவிருந்த பட்டைகள், ஒரு நாள் முழுக்கக் காற்றில் கிடந்து விறைத்துப்போன பன் எல்லாம் அதில்தான் இருந்தன. ஒரு நாள் டப்பா மூட மறுத்தது. சரி, இதை மஃபினாக்கிவிடலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

புட்டிங் செய்திருக்கலாம், அதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் புட்டிங்குக்குக் கிண்ணமும் ஸ்பூனும் வேண்டும், உட்கார்ந்து சாப்பிட நேரமும் வேண்டும். காலையில் எனக்கு வேண்டியது ஒரு கையால் எடுத்துக் கடிக்கக்கூடிய, உதிராத, உள்ளே ஈரமும் மேலே கொஞ்சம் மொறுமொறுப்பும் உள்ள ஒன்று. கையில் எடுத்தால் உருவம் மாறாமல் நிற்க வேண்டும் என்பது ஒன்றைத்தான் நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அதை எட்ட நான்கு தட்டு சுட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தட்டிலும் என்ன ஆனது, ஏன் ஆனது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். அளவு மட்டும் வேண்டுமென்றால் நாலாவது தட்டுக்குப் போய்விடலாம், ஆனால் மற்ற மூன்றையும் படித்தால் உங்கள் வீட்டு பிரெட் வேறு மாதிரி இருந்தாலும் எதை மாற்ற வேண்டும் என்பது புரிந்துவிடும்.

முதல் தட்டு

ஃப்ரீசரிலிருந்து பத்துத் துண்டு எடுத்து, அரை மணி நேரம் வெளியே வைத்து, குளிர் விட்டதும் கையால் பிய்த்துப் போட்டேன். இரண்டு முட்டை, ஒன்றரைக் கப் பால், அரைக் கப் சர்க்கரை, கொஞ்சம் உருக்கிய வெண்ணெய், பட்டைத்தூள். எல்லாவற்றையும் அடித்து பிரெட் மேல் ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மஃபின் தட்டின் குழிகளில் நிரப்பி 180 டிகிரியில் 25 நிமிடம். ஓவனைத் திறந்தபோது பார்க்க அருமையாக இருந்தது. எல்லாம் பொன்னிறமாகத் தலையைத் தூக்கி நின்றன. பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் நடுவில் குழி விழுந்து, சுற்றி வேலி மாதிரி ஓரம் மட்டும் நின்றது.

ஒன்றைக் குறுக்கே வெட்டினேன். அந்த வெட்டுமுகத்தில் எல்லாமே எழுதியிருந்தது. அடியில் அரை விரல்கடை உயரத்துக்கு வெளிர் மஞ்சளாக, பளபளவென்று ஒரு முட்டைப் படலம், விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி திரும்பி எழும்பியது. அதற்கு மேலே பிரெட் துண்டுகள். அவற்றின் விளிம்பெல்லாம் மஞ்சளாக ஊறியிருக்க, ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளை வெளேரென்று, பால் எட்டிப் பார்க்காத ஒரு புள்ளி. வாயில் வைத்தால் ஒரே கடியில் ஆம்லெட்டும் பழைய பிரெட்டும் தனித்தனியாகத் தெரிந்தன.

அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது எதையாவது ஓவனில் வைப்பவள் அவள்.

"எவ்வளவு பிரெட் போட்ட?"

"பத்து துண்டு, அக்கா."

"துண்டக் கேக்கல, எடையக் கேக்கறேன்."

நான் நிறுக்கவில்லை. போனை வைத்துவிட்டு டப்பாவில் மீதி இருந்ததைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரே டப்பாவில் 21 கிராம் துண்டும் இருந்தது, 42 கிராம் துண்டும் இருந்தது. ஓரத்துண்டு தடிமன், சாண்ட்விச் துண்டு மெல்லியது, பன் வேறு கணக்கு. அப்படியென்றால் பத்துத் துண்டு என்பது 210 கிராமாகவும் இருக்கலாம், 420 ஆகவும் இருக்கலாம். பாலின் அளவு மட்டும் ஒன்றரைக் கப்பிலேயே நின்றால் எப்படி ஒத்துவரும்? மிச்ச பிரெட்டில் எது செய்தாலும் தராசு வேண்டும் என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது. புதுப் பாக்கெட்டைப் பிரித்துச் செய்பவருக்குத் துண்டு எண்ணினால் போதும், ஏனென்றால் எல்லாம் ஒரே தடிமன். மிச்சம் என்றாலே ஆளுக்கொரு அளவுதான்.

எடை ஒரு பாதி. இன்னொரு பாதி, அந்த வெள்ளைப் புள்ளி. பழைய பிரெட் பாலை நன்றாக உறிஞ்சும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், என் பிரெட் ஏன் உறிஞ்சவில்லை? இங்கேதான் 'பழசு' என்பதையும் 'காய்ந்தது' என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரெட் பழசாகி விறைப்பதற்குத் தண்ணீர் ஆவியாகிப் போவது மட்டும் காரணமில்லை. 1852லேயே பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ, ஈரம் வெளியே போகாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் பழசாகி இறுகிவிடும் என்று காட்டியிருக்கிறார். சுடும்போது மாவிலுள்ள ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து, உப்பி, நெகிழ்ந்துவிடுகிறது. ஆறிய பிறகு அதே ஸ்டார்ச் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவும் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகுகிறது. பிரெட்டுக்குள் இருக்கும் தண்ணீர் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் துண்டு விறைப்பாகிவிடுகிறது. இந்த இறுக்கம் ஃப்ரிட்ஜின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். ஃப்ரீசரில் கிட்டத்தட்ட நின்றுபோகும். பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும், ஆனால் அறையில் வைத்ததைவிடச் சீக்கிரம் விறைக்கும் என்பதற்குக் காரணம் இதுதான்.

என் துண்டுகள் ஃப்ரீசரில் இருந்தவை. பழசாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. ஏற்கெனவே நனைந்த துணி மேற்கொண்டு தண்ணீரைக் குடிக்காத மாதிரி, அவற்றுக்குப் பாலை இழுக்க இடமில்லை. அதுவும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பால், ஐந்தே நிமிடம். உறிஞ்சப்படாத பாலும் முட்டையும் குழியின் அடிக்கு இறங்கி அங்கே தனியாக வெந்திருக்கின்றன. அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாவது தட்டு

ஊறவில்லை என்றால் அரைத்துவிட்டால் போச்சு என்று நினைத்தேன். 250 கிராம் பிரெட்டை நிறுத்து எடுத்து, பால், முட்டை, சர்க்கரை எல்லாவற்றோடும் மிக்ஸியில் போட்டு ஓட்டினேன். வழவழவென்று, ஊற்றினால் ரிப்பன் மாதிரி மடிந்து விழும் மாவு கிடைத்தது. கட்டி கிடையாது, வெள்ளைப் புள்ளி கிடையாது. ரொம்ப நம்பிக்கையோடு ஓவனில் வைத்தேன்.

வந்தது களி. மேலே நல்ல நிறம், உள்ளே ஒட்டிக்கொள்ளும் பசை. பத்து நிமிடம் கூடுதலாக வைத்துப் பார்த்தேன், ஓரம் கறுத்தது, நடு மாறவில்லை. பல்குத்தும் குச்சியைக் குத்தி எடுத்தால் சுத்தமாக வரும், ஆனால் கடித்தால் பல்லில் அப்பும்.

யோசித்துப் பார்த்தால் இதுவும் நியாயமான முடிவுதான். கேக் மாவில் மைதா பச்சையாக இருக்கிறது, அதன் ஸ்டார்ச் ஓவனுக்குள் போனபிறகுதான் வேகத் தொடங்கும். பிரெட்டில் உள்ள ஸ்டார்ச் ஒரு தடவை வெந்து முடித்தது. அதை மிக்ஸியின் பிளேடில் போட்டுச் சிதைத்தால் குளிர்ந்த பாலிலேயே பசை கட்டிவிடும். உருளைக்கிழங்கை வேகவைத்து மிக்ஸியில் அடித்தால் பசையாகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. தவிர, பிரெட்டில் இருந்த காற்றறைகள்தான் அதன் பெரிய சொத்து. அந்தத் துளைகளைச் செய்ய யாரோ ஒருவர் மாவு பிசைந்து, பொங்கவைத்து, பொறுமையாகச் சுட்டிருக்கிறார். அரைத்தால் அவ்வளவும் போச்சு. அந்தத் தட்டை வீணாக்கவில்லை. மெல்லிய வில்லைகளாக வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க வாட்டியபோது பரவாயில்லாமல் இருந்தது. ஆனால் மிக்ஸி வேலையை அத்தோடு விட்டுவிட்டேன்.

மூன்றாவது தட்டு

இந்தத் தடவை பிரெட்டை உண்மையிலேயே காயவைத்தேன். 250 கிராமைக் கட்டைவிரல் நக அளவுக்குப் பிய்த்து, அகலமான தட்டில் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, 120 டிகிரியில் 20 நிமிடம், நடுவில் ஒரு தடவை கிளறிவிட்டு. நிறம் மாறக்கூடாது, சிவந்தால் ரஸ்க் வாசனை வந்துவிடும். எடுத்து நிறுத்தால் 203 கிராம். கிட்டத்தட்ட 47 கிராம் தண்ணீர் வெளியேறியிருக்கிறது. அந்த இடம் முழுவதும் இப்போது பாலுக்குக் காலி.

பாலையும் வெதுவெதுப்பாக்கினேன், விரலை விட்டால் சூடு தெரிய வேண்டும், சுடக்கூடாது. பால் 300 மில்லி. அதில் சர்க்கரையையும் உருக்கிய வெண்ணெயையும் கலந்து பிரெட் மேல் ஊற்றி அரை மணி நேரம் விட்டேன். முட்டையை அப்போது சேர்க்கவில்லை. பால் கொஞ்சம் சூடு கூடிப்போனாலும் முட்டை திரிந்துவிடும் என்பது ஒரு காரணம். முட்டை சேர்ந்த கலவை வெறும் பாலைவிடக் கெட்டி, மெதுவாகத்தான் உள்ளே இறங்கும் என்பது இன்னொரு காரணம். முதலில் பால், அது ஊறியபின் முட்டை.

ஊறியதா என்று பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன், இதை நான் இப்போது ஒவ்வொரு தடவையும் செய்கிறேன். கிண்ணத்தின் அடியிலிருந்து பெரிய துண்டாக ஒன்றை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக அழுத்தித் தேய்க்க வேண்டும். நன்றாக ஊறியிருந்தால் எதிர்ப்பே இல்லாமல் நசுங்கி இரண்டு விரலும் ஒன்றையொன்று தொடும். ஊறாத நடு இருந்தால் சோற்றுக்குள் கல் நெருடுவது போல ஒரு சிறு முடிச்சு விரலில் தட்டும். தட்டினால் இன்னும் பத்து நிமிடம் விட வேண்டும். பிரெட்டின் ஓரப்பட்டை உள்ள துண்டுகள்தான் கடைசியில் ஊறும், அதனால் அப்படி ஒன்றைப் பார்த்து எடுத்துச் சோதியுங்கள்.

சுட்டு எடுத்ததும் சுவையில் ஒரு குறையும் இல்லை. மெத்தென்று, பால் மணமும் பட்டை மணமுமாக, அடியில் முட்டைப் படலம் துளியும் இல்லாமல் வந்தது. ஆனால் ஆறியதும் மறுபடி அமுங்கியது, கையில் எடுத்தால் நடுவில் வளைந்தது. பேப்பர் கப்பை உரித்தால் பாதி மஃபின் பேப்பரோடு போனது. அதாவது நான் செய்தது அச்சு அசலாகப் புட்டிங், வடிவம்தான் மஃபின். ஓவனில் அது எழும்பியது நீராவியால். வெளியே வந்து நீராவி அடங்கியதும், தாங்கிப் பிடிக்க வெந்த முட்டையைத் தவிர வேறு எதுவும் இல்லை. முட்டையைக் கூட்டிப் பிடிமானம் கொண்டுவரலாம், ஆனால் அப்போது ஆம்லெட் வாசனை வந்துவிடும், எனக்கு அது காலை இனிப்பில் பிடிக்காது.

அக்கா இதற்கும் ஒரு வரிதான் சொன்னாள். "கொஞ்சம் பச்சை மாவு போடு, அது வேகும்போது பிடிச்சுக்கும்." அது சரியாகவே இருந்தது. பிரெட்டின் ஸ்டார்ச் தன் வேலையை முடித்துவிட்டது, புதிதாக ஒரு சுவரை எழுப்ப அதால் முடியாது. பச்சை மைதா கொஞ்சம் இருந்தால் துண்டுகளுக்கு நடுவே சாந்து மாதிரி ஓடி, ஓவனில் வெந்து இறுகிக்கொள்ளும். பேக்கிங் பவுடர் விடும் வாயுவைப் பிடித்துவைக்கவும் அந்தச் சாந்து வேண்டும். வெறும் ஊறிய பிரெட்டில் பேக்கிங் பவுடர் போட்டால் வாயு துண்டுகளின் இடுக்கு வழியே வெளியே போய்விடும்.

நாலாவது தட்டு

பன்னிரண்டு குழி உள்ள சாதாரண மஃபின் தட்டுக்கு இந்த அளவு. காய்ந்த பிரெட் 200 கிராம், அதாவது காயவைக்கும் முன் சுமார் 250. பால் 300 மில்லி. முட்டை 2. சர்க்கரை 70 கிராம். வெண்ணெய் 50 கிராம். நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்று, உரித்தபின் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். மைதா 50 கிராம். பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன். உலர்திராட்சை ஒரு கைப்பிடி. உப்பு ஒரு சிட்டிகை போதும், பிரெட்டிலேயே உப்பு இருக்கிறது. பேக்கரிக் கணக்கில் மாவின் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் உப்பு போடுவதுதான் வழக்கம். சர்க்கரை 70 கிராம் குறைவாகத் தெரியலாம். சாண்ட்விச் பிரெட்டில் பெரும்பாலும் ஏற்கெனவே கொஞ்சம் சர்க்கரை இருக்கும், பழமும் திராட்சையும் சேரும்போது காலையில் சாப்பிட அது சரியான இனிப்பு. மூன்றாவது தட்டில் 90 போட்டிருந்தேன், இரண்டாவது மஃபினை எடுக்கத் தோன்றவில்லை.

நினைவில் வைத்துக்கொள்ள எளிதான கணக்கு ஒன்று உண்டு: காய்ந்த பிரெட்டின் எடைக்கு ஒன்றரை மடங்கு பால். உங்களிடம் 120 கிராம்தான் இருந்தால் பால் 180. மற்றதையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம், முட்டை மட்டும் ஒன்றாகப் போடுங்கள்.

இந்தத் தட்டில் நான் செய்த இன்னொரு மாற்றம் பிரெட்டை இரண்டு அளவாக்கியது. காயவைத்தபின் மூன்றில் இரண்டு பங்கை நக அளவுத் துண்டாகவே விட்டுவிட்டு, மூன்றில் ஒரு பங்கைக் கையால் நொறுக்கினேன். தூளாக இல்லை, கொரகொரவென்று ரவை மாதிரி. மிக்ஸி வேண்டாம், காய்ந்த பிரெட் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாலே நொறுங்கும். இந்த நொறுங்கல் பாலில் கரைந்து மைதாவோடு சேர்ந்து மாவாகிவிடுகிறது, துண்டுகள் துண்டாகவே நிற்கின்றன. அதனால் கடிக்கும்போது ஒரு இடம் கேக் மாதிரி, ஒரு இடம் புட்டிங் மாதிரி மாறி மாறி வருகிறது. இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எல்லாம் ஒரே அளவாக இருந்த மூன்றாவது தட்டில் இந்தச் சுவாரசியம் கிடையாது.

வெதுவெதுப்பான பாலில் சர்க்கரை, உருக்கிய வெண்ணெய், பட்டைத்தூள், உப்பு கலந்து இரண்டு அளவு பிரெட்டையும் போட்டு அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். நடுவில் இரண்டு தடவை அடியிலிருந்து மேலாகப் புரட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மேல் துண்டுகள் காய்ந்தே இருக்கும். விரல் சோதனை முடிந்ததும், வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசித்து, அதிலேயே முட்டையை உடைத்து ஊற்றி நன்றாக அடித்துச் சேர்க்க வேண்டும். இதற்கிடையில் ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்கிவிடுங்கள். மைதாவையும் பேக்கிங் பவுடரையும் தனியாகக் கலந்து மேலே தூவி, அகலமான கரண்டியால் பத்துப் பன்னிரண்டு தடவை மடித்துப் புரட்டினால் போதும். மைதாத் திட்டு ஒன்றிரண்டு தெரிந்தாலும் கவலைப்படாதீர்கள். அடித்துக் கலக்கினால் ஊறிய துண்டுகள் கரைந்து இரண்டாவது தட்டின் களிக்கே போய்ச் சேரும். திராட்சை கடைசியில்.

குழியை எவ்வளவு நிரப்புவது என்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. சாதாரண மஃபினுக்கு முக்கால் குழிதான் நிரப்புவோம், பொங்கி வழியும் என்பதால். இது அவ்வளவு எழும்பாது. விளிம்பு வரை தாராளமாக நிரப்பி, நடுவில் லேசாகக் குவித்தும் வைக்கலாம். ஒரு குழிக்கு ஏறக்குறைய 80 கிராம் கலவை வந்தது. நிரப்பியதும் தட்டி அமுக்காதீர்கள், துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அப்படியே இருக்கட்டும்.

மேலே போட நொறுக்கிய பிரெட்டில் இரண்டு டேபிள்ஸ்பூனை முதலிலேயே எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரையும் அதே அளவு வெண்ணெயும் சேர்த்து விரல் நுனியால் பிசிறி ஒவ்வொன்றின் தலையிலும் தூவினேன். மொறுமொறுப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நடுத்தட்டில் 24 நிமிடம். 18 நிமிடத்தில் பட்டை வாசனை வரும், 22இல் வெண்ணெய் சிவக்கும் வாசனை வரும், அதன் பிறகு பக்கத்திலேயே நில்லுங்கள். குச்சி குத்திப் பார்ப்பது இதற்கு அவ்வளவாக உதவாது. ஊறிய துண்டில் குத்தினால் ஈரமாகவும், மாவில் குத்தினால் காய்ந்தும் வரும். நான் இரண்டு வழியில் பார்க்கிறேன். நடுவில் விரலால் தொட்டால் மெத்தையாக எழும்ப வேண்டும், அமுங்கிக் குழியக்கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 90 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். முட்டை சேர்ந்த பண்டம் பாதுகாப்பாக வெந்துவிட்டது என்பதற்கு 71 டிகிரி போதும், ஆனால் மைதா நன்றாக வெந்து பிடித்துக்கொள்ள மேலே போவது நல்லது.

எடுத்ததும் தட்டிலேயே பத்து நிமிடம். கொஞ்சம் அமுங்கத்தான் செய்தன, ஆனால் குழி விழவில்லை. ஓரத்தைக் கத்தி முனையால் ஒரு சுற்று விட்டு நெம்பினேன், முழுசாகக் கழன்று வந்தது. கையில் வைத்துப் பார்த்தேன், வளையவில்லை. பிட்டுப் பார்த்தால் உள்ளே துண்டுகளின் ஓரம் மங்கலாகத் தெரிகிறது, நடுவெல்லாம் ஒரே மஞ்சள், ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை.

பேப்பர் கப்பைப் பற்றி: இந்தக் கலவையில் ஈரம் அதிகம், சூட்டில் உரித்தால் கட்டாயம் ஒட்டும். முழுக்க ஆறவிட்டு உரித்தால் ஓரளவு தப்பிக்கலாம். நான் பேப்பரையே விட்டுவிட்டேன். குழியில் வெண்ணெய் தடவி, மேலே கொஞ்சம் பிரெட் தூளைத் தூவித் தட்டிவிட்டால் நன்றாகக் கழன்று வருகிறது, பக்கவாட்டிலும் பொன்னிறமாக ஒரு பட்டை கிடைக்கிறது. சிலிகான் அச்சில் கழற்றுவது சுலபம், ஆனால் பக்கம் வெளிறியே இருக்கும்.

காலையில் இவ்வளவு வேலைக்கு யாருக்கு நேரம் இருக்கிறது என்றால், இரவே முக்கால் வேலையை முடித்துவிடலாம். பிரெட்டைப் பாலில் ஊறவைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரவு முழுக்க ஊறினால் பட்டைத் துண்டுகூட வெண்ணெய் மாதிரி இருக்கும். பழமும் முட்டையும் மைதாவும் பேக்கிங் பவுடரும் காலையில்தான் சேர்க்க வேண்டும். ஈரம் பட்டதும் பேக்கிங் பவுடர் வாயுவை விடத் தொடங்கிவிடும், இரவே கலந்தால் காலைக்குள் பாதி வீரியம் போய்விடும். கலவை குளிர்ந்திருப்பதால் ஓவனில் நான்கைந்து நிமிடம் கூடுதலாக ஆகும். பால் கலவையை இரவு முழுக்க வெளியே மட்டும் வைக்காதீர்கள். பேக்கிங் பவுடர் டப்பா திறந்து நாளாகியிருந்தால் அரை ஸ்பூன் எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள், சுறுசுறுவென்று நுரைத்தால் உயிர் இருக்கிறது.

எந்த பிரெட் ஆகும், எது ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழுக்கோதுமை பிரெட்டின் தவிடு கூடுதலாகக் குடிக்கும், பாலை 30 மில்லி ஏற்றுங்கள். கெட்டிப் பட்டையுள்ள புளித்தமாவு ரொட்டிக்கு ஒரு மணி நேரமாவது ஊறல் வேண்டும், அதன் லேசான புளிப்பு வாழைப்பழத்தோடு அருமையாகப் போகிறது. வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த இனிப்பு பன் என்றால் சர்க்கரையை 40ஆக்கி, வெண்ணெயையும் பாதியாக்கி, 15 நிமிடம் ஊறினால் போதும், அது சீக்கிரம் கரைந்துவிடும். பூண்டு, வெங்காயம், மூலிகை சேர்ந்த பிரெட் ஒரு துண்டுகூட கலந்துவிடக்கூடாது, ஒரு துண்டு பன்னிரண்டு மஃபினையும் கெடுக்கும். டப்பாவில் போடும்போதே பிரித்துவைப்பது நல்லது.

பூஞ்சை கண்ட பிரெட் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பச்சையாகத் தெரியும் புள்ளியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் போடலாம் என்று தோன்றும். பிரெட் துளைத்துளையாக இருப்பதால் பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும், சுட்டாலும் பூஞ்சை விட்டுப்போன நச்சு எல்லாம் அழிந்துவிடாது. முழுப் பாக்கெட்டையும் எறிந்துவிடுங்கள். மிஞ்சும் துண்டு நன்றாக இருக்கும்போதே ஃப்ரீசருக்குப் போய்விட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

முட்டை இல்லாமல் ஒரு தடவை ஆறு மட்டும் செய்து பார்த்தேன். பாதி அளவு பிரெட்டுக்கு முட்டைக்குப் பதில் 60 கிராம் தயிர், இன்னொரு பாதிப் பழம், மைதாவை 25க்குப் பதில் 60 கிராம், கால் டீஸ்பூனுக்கும் குறைவாகப் பேக்கிங் சோடா. தயிரின் புளிப்பில் சோடா நன்றாக வேலை செய்தது, உருவம் நின்றது. கொஞ்சம் கேக் பக்கமாகச் சாய்ந்திருந்தது, ஆனால் சூடாகச் சாப்பிட நன்றாகவே இருந்தது. இதை இன்னும் ஒன்றிரண்டு தடவை செய்து தயிரின் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

மிஞ்சினால், வெளியே ஒரு நாள், அதற்கு மேல் ஃப்ரிட்ஜில் மூன்று நாள். ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் இறுகியிருக்கும், முன்னால் சொன்ன அதே ஸ்டார்ச் விஷயம்தான். ஆனால் 60 டிகிரிக்கு மேல் சூடேறினால் அந்த இறுக்கம் பெரும்பாலும் நெகிழ்ந்துவிடும். 160 டிகிரி ஓவனில் எட்டு நிமிடம் வைத்தால் உள்ளே மெத்தென்றும் மேலே திரும்ப மொறுமொறுவென்றும் ஆகிறது. மைக்ரோவேவில் 30 வினாடி போதும், மேல் மொறுமொறுப்பு மட்டும் திரும்பாது. ஆறியதும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டால் இன்னும் நாள் தாங்கும். என் டப்பாவில் இப்போது ஓரத்துண்டுகள் இருந்த இடத்தில் ஐந்து மஃபின் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இந்த வாரத்து ஓரத்துண்டு இரண்டு, 38 கிராம் ஒன்று, 40 கிராம் ஒன்று.